தரைக்கு அடியில் வெந்நீர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. வீட்டு ஜெபத்துக்கு வரும் பெண்கள் அந்த மலைவீட்டுக் கதையைச் சொல்லச் சொல்லி நச்சரிக்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன். காதால் கேட்டதையும் கையால் தொட்டதையும் சொல்கிறேன், அதற்கு மேல் என்னிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள் என்பேன்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குக் குலசேகரம் தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஆலையில் எஞ்சின் ஓட்டுகிறவர். எங்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தது தோட்டம் தொடங்கிய காலத்தில் முதல் துரை கட்டிய பழைய பங்களா. பிறகு வந்த துரை மேலே புது பங்களா கட்டிக்கொண்டு போய்விட, ஒழுகுகிற பழையது எங்களுக்கு வந்தது. ஊரில் எல்லோரும் பங்களாவாசி என்று என்னைக் கேலி செய்தார்கள். வந்து ஒரு மழைக்காலம் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. சமையல்கட்டுக்குப் பின்னால் செங்கல் அடுப்பின்மேல் ஆளுயர இரும்பு பாய்லர். ஓடைத்தண்ணீர் அதில் வந்து நிறையும். அடுப்பில் விறகைத் தள்ளினால் குளியலறைக் குழாயில் வெந்நீர் கொட்டும். துரை குளிக்கச் செய்துவைத்தது.

அந்த வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தன. இரண்டும் ஆடிச் சாரலில், இரண்டும் நாள் நிறையாமல். முதலாவது பெண். பால் குடித்தாள், கண் திறந்து என்னைப் பார்த்தாள். நோய் என்று ஒன்றும் இல்லை, குளிர்தான். எத்தனை கம்பளி சுற்றினாலும் தரையின் ஈரம் கட்டில்கால் வழியாக ஏறி வந்தது. காலையில் தொட்டபோது பாதம் சில்லிட்டிருந்தது. மதியத்தில் முழங்கால். விளக்கு வைக்கும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த தடவை பேறு பார்க்க என் தாய்வீட்டுக்கு இறங்கிவிடலாம் என்று மாட்டுவண்டியில் கிளம்பினோம். பாதி மலை இறங்குவதற்குள் வண்டி குலுங்கிய குலுக்கலில் வலி கண்டு, திரும்பி வந்து, பையன் பிறந்தான். அவனும் அதே மாதிரி பாதத்திலிருந்து குளிர்ந்து போனான்.

கல்லறைத் தோட்டம் மலைக்குக் கீழே, வேதக்கோயிலுக்குப் பக்கத்தில். மழையில் பாதை உடைந்து கிடந்தது. வீட்டுக்கு வெளியே புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். எங்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் முழுவதையும் அது அப்படித்தான் புரட்டிப் போட்டிருந்தது. அதனால் படுக்கையறையின் தெற்கு மூலையில் காரைத் தளத்தை உடைத்து, என் வீட்டுக்காரரே குழி எடுத்து, ஜெபம் சொல்லி, பெண்ணை அங்கே வைத்தார். பையனை அவள் பக்கத்தில் வைத்தார். மேலே காரை பூசி மூடினார். மலைக்குடியிருப்பில் அது ஒன்றும் அதிசயமில்லை, இன்னும் இரண்டு மூன்று வீட்டில் அப்படி உண்டு. நான் அந்த மூலையில் பெருக்குவேன், ஆனால் மிதிக்கமாட்டேன்.

மூன்றாவதாக உண்டானபோது வயத்தாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கூலி லயத்து வீடுகளில் எல்லாருக்கும் பேறு பார்க்கிறவள் அவள், வயதானவள். "மோளே, இந்தத் தடவை மலை எறங்கப்பிடாது. எறங்கினா வழியிலே பெத்துப் போடுவே. இஞ்சதான் கெடக்கணும்" என்றாள். கணக்குப் பார்த்தால் மறுபடியும் ஆடி. இந்தப் பிள்ளையும் அந்தத் தரையில்தான் பிறக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஆலையிலிருந்து வந்தவர், நடைவழியில் குந்தி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"ஏட்டி, இஞ்ச வா. பூனை எங்க கெடக்குன்னு பாத்தியா?"

"எங்க கெடந்தா என்ன? எலி பிடிக்கத் துப்பில்லாத சவம்."

"அதுக்க அடியிலதான் வெந்நீரு பைப்பு குளியலறைக்குப் போவுது. கையை வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். பூனை படுத்திருந்த அந்த ஒரு பட்டை மட்டும் இளஞ்சூடாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "இதே பைப்பை நம்ம அறைக்க அடியில சுத்தி விட்டா என்ன?" என்றார். அந்த மனுஷன் எத்தனை நாளாக இதையே நினைத்துக்கொண்டு எஞ்சின் ஓட்டினாரோ.

ஆலையில் கழித்துப்போட்ட பைப்புகளைத் துரையிடம் கேட்டு வாங்கினார். திருவட்டாற்றிலிருந்து ஒரு கொத்தனார் மேஸ்திரியை வரவழைத்தார். மேஸ்திரி வந்தார், என் வயிற்றைப் பார்த்தார், கரண்டியைத் திரும்பச் சாக்கில் போட்டார்.

"மக்ளே, தப்பா நெனைக்காத. பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுல தரையை ஒடைக்கப்பிடாது. ஆணிகூட அடிக்கமாட்டாவ."

"நாங்க வேதக்காரங்க மேஸ்திரி. எங்களுக்கு அதெல்லாம் கெடையாது."

"வேதக்காரங்களுக்கு மட்டும் பிள்ளை வேற வழியாட்டா வருது?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும். கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினாலும் இந்தப் பயம் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. கடைசியில் மேஸ்திரியே ஒரு வழி சொன்னார். பழைய தளத்தில் ஒரு பாயளவு இடத்தைக் கடப்பாரை படாமல் அப்படியே விட்டுவிட்டால், இது புது வேலை ஆகாது, பழுது பார்த்த கணக்கு. அதில் குற்றமில்லை.

"எந்த எடம்னு நீயே காட்டு" என்றார்.

நான் தெற்கு மூலையைக் காட்டினேன். அங்கே காரையின் நிறம் வேறாக இருந்ததை மேஸ்திரி பார்த்தார். கரிக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முகம் சுருங்கியது. பைப்பு பாய்லரிலிருந்து சீராக ஏறி, அறையைச் சுற்றி, சீராக இறங்கித் திரும்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தானாகச் சுற்றி வரும் என்றார். தெற்கு மூலையை ஒதுக்கினால் அதன் பக்கத்தில் ஒரு பாறை. பாறைமேல் பைப்பை ஏற்றி இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். "அந்தக் கூனல்ல காத்து வந்து அடைக்கும்" என்றார். சொன்னாரே தவிர, அந்த மூலையில் கடப்பாரை போடுங்கள் என்று அவராலும் மேஸ்திரியிடம் சொல்ல முடியவில்லை. கூனலோடுதான் பைப்பு போனது.

சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்து, தளம் போட்டு, இழைத்துக் கொடுத்துவிட்டு மேஸ்திரி இறங்கிப் போனார். தளம் காய்ந்ததும் ஆனிச் சாரலின் முதல் நாளில் அடுப்பைப் பற்றவைத்தோம். காலையில் வைத்த தீ, மத்தியானத்துக்கு மேல்தான் தரைக்கு வந்தது. செருப்பைக் கழற்றிப்போட்டு அந்த அறையில் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கால் சூடாக இருந்தது அன்றுதான். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் பல்லைப் பார்த்தேன்.

தரை சூடாகச் சூடாக ஒரு வாசனை எழும்பியது. எங்கோ கருப்பட்டி காய்ச்சுகிற மாதிரி. சுண்ணாம்பில் விட்ட கருப்பட்டித் தண்ணீர்தான் அது, எனக்குத் தெரியும். ஆனால் கதவைச் சாத்தி, வெளியே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்து, பகலிலேயே விளக்கு ஏற்றி உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் யாரோ அடுப்புமூட்டி எதையோ கிளறிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பிறகு எறும்பு வந்தது. சுவரோரமாகக் கறுப்பு வரிசை. சூடான தரையில் கால் வைக்காமல், சுற்றி வளைத்து, நேரே தெற்கு மூலைக்குப் போயிற்று. அங்கே காரைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கிப் போயிற்று. இறங்கினது திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

அறை முழுவதும் வறண்டு காய்ந்து கிடக்க, அந்தப் பாயளவு இடம் மட்டும் வேர்த்திருந்தது. துணி போட்டுத் துடைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கறுத்துவிடும். ஓரம் பிசகாமல், ஒரு பாயை விரித்துவைத்ததுபோல நனைந்து கிடக்கும். நடைவழியை விட்டு அறைக்குக் குடிவந்த பூனை, அந்த ஈரத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதன்பிறகுதான் சத்தம். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூலையில், தரைக்கு அடியிலிருந்து, டொக் என்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பாயில் படுத்திருக்கும் பிள்ளை குதிகாலால் தரையை உதைக்கிற மாதிரி. உதைத்த உடனே என் வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. தற்செயல் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூலையில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

சாயங்காலம் வந்தவரிடம் சொன்னேன். "கூனல்ல அடைச்ச காத்துட்டி. வெந்நீரு தள்ளும்போ பைப்பு குதிக்குது" என்றார். சொல்லும்போது அந்த மூலையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப வயித்துல உள்ளது எதுக்கு அதுக்குப் பதில் சொல்லுது?"

அவர் எழுந்து அடுப்பில் விறகு தள்ளப் போய்விட்டார்.

கடைசி மாதத்தில் வயத்தாட்டி எங்களோடேயே வந்து தங்கினாள். அவளும் கேட்டாள். கேட்டுவிட்டு, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன தட்டினாலும் நீ எதுவும் மிண்டாத மோளே. மிண்டினா அதுக வழி கண்டுபிடிச்சிரும்" என்றாள். எனக்கு யாராவது பேசாதே என்று சொல்லிவிட்டால் போதும். அவள் ஓடைக்குப் போன நேரத்தில், இடுப்பில் கை வைத்து மூலைக்கு எதிரே போய் நின்றேன். "ஏலே, ஏட்டி, ரெண்டு பேரும் அடங்கிக் கெடங்க. வாற பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க" என்றேன். பெற்ற பிள்ளைகளை அதட்டுவது மாதிரிதான் அதட்டினேன். அந்த இரண்டு பேரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

சத்தம் நின்றுவிட்டது. அன்று முழுவதும் இல்லை. வயிற்றில் இருந்ததும் அசையவில்லை. சாப்பிட்டுப் பார்த்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன். கல் மாதிரிக் கிடந்தது. மறுநாள் விடிந்தும் அசைவில்லை. வயத்தாட்டி வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் எழுந்து போனாள். நான் போய் அந்த ஈரத்தின் ஓரத்தில் மண்டியிட்டேன். ஜெபம் செய்யத்தான் மண்டியிட்டேன், வாயில் வந்தது வேறு. "அம்மை கோவத்துல சொல்லிட்டேன் மக்களே. தட்டுங்க. நல்லா தட்டுங்க" என்று கெஞ்சினேன். வெகுநேரம் கழித்து, டொக் என்றது. உள்ளே பிள்ளை புரண்டது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தே என் நாள் ஓடியது. தட்டினால் பிள்ளை இருக்கிறது. தட்டாவிட்டால் இல்லை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று தெரியும்.

ஆனால் ஆடி பிறந்ததும் தரை ஆறத் தொடங்கியது. பாய்லர் கொதிக்கக் கொதிக்க, அறையின் பாதி மட்டும் சூடு. கூனலைத் தாண்டி வெந்நீர் போகவில்லை. பிறகு வாசல்பக்கச் சூடும் வெறும் வெதுவெதுப்பாகக் குறைந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் பெருகிப் பெருகி, விளக்குக் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே மழை ஒரு நாழிகைகூட விடவில்லை. கட்டில்காலைத் தொட்டால் ஈரம். அந்த ஈரம் எனக்குப் பழக்கமான ஈரம்.

வீட்டுக்காரர் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தார். "அந்த மூலையைத் தொறந்து பைப்பை நேராக்கினாத்தான் தண்ணி ஓடும். வேற வழி கெடையாது" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். "எனக்க கையால வச்ச பிள்ளையளை எனக்க கையால எப்படிட்டி எடுப்பேன்?"

அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். பைப்பு நேரானால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் வயிற்றில் இருப்பது என்ன ஆகும்? திறக்காவிட்டால் பிறந்த பிள்ளை பாதத்திலிருந்து குளிரும், அதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் கேட்டது, ஒரு பக்கம் கண்டது. கண்டதை நம்பினேன்.

"தோண்டுங்க" என்றேன். "நான் பக்கத்துல இருக்கேன்."

அடுப்பை அணைத்து, பாய்லரைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வடித்தார். தரை குளிர்ந்துகொண்டே வந்தது. வயத்தாட்டி என்னை வெளியே இழுத்தாள், போகமாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். முதல் கடப்பாரை விழுந்தபோது எனக்கு வலி கண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் அவர் நிறுத்திவிடுவார்.

காரையைப் பெயர்த்தார். மண்ணைக் கையால் அள்ளினார், மண்வெட்டி போட மனசு வரவில்லை. அள்ளி அள்ளி ஓரத்தில் வைத்தார். அவர் தோள் நின்றுவிட்டது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"என்ன ஒண்ணும் இல்ல?"

"இஞ்ச ஒண்ணுமே இல்லட்டி."

துணி இல்லை. எலும்பு இல்லை. பெண்ணின் கழுத்தில் அவர் கட்டிவிட்ட சின்னப் பித்தளைச் சிலுவை இல்லை. மண், வெறும் மண். அவர் இன்னும் ஆழமாகத் தோண்டினார். இடப்பக்கம் தோண்டினார், வலப்பக்கம் தோண்டினார், பாறைவரைக்கும் போனார். "இஞ்சதான வச்சேன், இஞ்சதான வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கட்டிலை விட்டு இறங்கிப் போய் அந்தக் குழிக்குள் கையை விட்டேன். அடைக்கோழிக்கு அடியில் கை விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பைப்பே போகாத மண், அடுப்பு அணைந்து அரைநாள் ஆகிறது, அது மட்டும் சூடாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"இந்த மண்ணு இரும்பையும் தின்னும்" என்றாள் வயத்தாட்டி.

அப்போதுதான் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சுவருக்கடியில் தலையை விட்டுக்கொண்டு இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பாக்கட்டா? இஞ்ச எங்கேயோதான் இருக்கும்" என்றார். மண் அப்பிய முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் பார்க்கத்தான் ஆசை. அந்தத் தளம் முழுவதையும் பெயர்த்துப் பார்க்க ஆசை. ஒரு வலி வந்து போகட்டும் என்று பொறுத்தேன்.

"போதும். பைப்பைப் போட்டு மூடுங்க" என்றேன்.

அவர் பைப்பை நேராக்கி முடுக்கினார், மண்ணைத் தள்ளி மேலே பலகைக் கல்லைப் பரப்பினார், ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். தரை சூடாவதற்கும் பிள்ளை வருவதற்கும் போட்டி. விளக்கு ஏற்றும் நேரத்தில் பெண் பிறந்தாள். முன் இரண்டையும்விடச் சின்னது. அழவில்லை. வயத்தாட்டி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், அழவில்லை. பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அவளைப் பிடுங்கி, துணியை விரித்து, தெற்கு மூலைக் கல்லின்மேல் கிடத்தினேன். அங்கேதான் முதலில் சூடு ஏறியிருந்தது. என் நெஞ்சை அவள்மேல் கவிழ்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வயத்தாட்டி "ஏசுவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வேதக்காரி இல்லை.

ஆடி முழுவதும் அந்தக் கல்லின்மேல்தான் பிள்ளை வளர்ந்தாள். அடுப்பை அணையவிடவில்லை. என் வீட்டுக்காரர் ஆலை எஞ்சினையும் வீட்டு பாய்லரையும் மாறி மாறிப் பார்த்து இளைத்துப்போனார். அறை ஒரே சீராகச் சூடாக இருந்தது. ஈரம் இல்லை, எறும்பு இல்லை, வாசனையும் மெல்லப் போய்விட்டது. மூலையில் ஒரு சத்தமும் இல்லை.

சாரல் ஓய்ந்து, வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் பிள்ளை பால் குடித்துவிட்டு உறங்கினாள். பாதத்தைத் தொட்டேன், சூடு. வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் கல்லில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார்.

"ஏதாம் கேக்குதா?" என்றேன்.

"இல்ல."

நானும் குனிந்து காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. அந்த இரண்டு பேருக்காகவும் அன்றுதான் ஒப்பாரி வைத்து அழுதேன். அவர் எழுந்து என் முதுகில் கை வைத்தார்.

"அடுப்புல விறகு போடணும்" என்றார்.

"போய்ப் போடுங்க" என்றேன், அழுதுகொண்டே.